மூன்றாவது அசெசர்

குடைக்கடை வைத்திருக்கும் ஒருவரிடம் போய், "இன்றைக்கு மழை வருமா?" என்று கேட்டால் அவர் என்ன சொல்ல வேண்டும்? வரும் என்று அடித்துச் சொல்லி ஒரு குடையைத் தலையில் கட்ட வேண்டும். அதுதானே வியாபாரம்? எங்கள் குடைக்காரர் கடை வாசலுக்கு வருவார். சாமுண்டி மலைப் பக்கம் ஒரு பார்வை, மேற்கே ஒரு பார்வை. பிறகு, "வரும்னு சொல்றதுக்கும் காரணம் இருக்கு, வராதுன்னு சொல்றதுக்கும் இருக்கு" என்று ஆரம்பிப்பார். அவர் முடிப்பதற்குள் கேட்டவர் நனையாமலோ நனைந்துகொண்டோ வீடு போய்ச் சேர்ந்திருப்பார். குடை மட்டும் விற்றிருக்காது.

மைசூரில் நாங்கள் இருந்தது ஒரு வட்டாராவில். ஒரே முற்றத்தைச் சுற்றி ஒட்டிக்கொண்டு நிற்கும் வாடகை வீடுகளுக்குக் கன்னடத்தில் அந்தப் பெயர். எல்லோருக்கும் ஒரு குழாய், ஒரு துவைகல். நான் அப்போது பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். என் வாசலுக்கு நேர் எதிர் வாசல் குடைக்காரருடையது. அவர் கடையோ கோர்ட்டுக்கு எதிரே. மழை இல்லாத மாதங்களில் குடை வாங்க யார் வருவார்கள்? கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு, செஷன்ஸ் கோர்ட்டின் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துவிடுவார். சாயங்காலம் வந்து, அன்று நடந்த வழக்கைக் குழாயடியில் நிற்கிற எங்களுக்குச் சொல்லுவார்.

சொல்வதில் மன்னன், அதை நான் மறுக்க மாட்டேன். தசரா ஊர்வலத்தன்று தெருவோரத்து வீட்டுக்காரர்கள் மொட்டைமாடியை வாடகைக்கு விடுவார்கள் இல்லையா, அப்படி ஒரு மாடியிலிருந்து ஒருவன் விழுந்து செத்துப்போனான். பக்கத்தில் நின்றவன் அவனுடைய பங்காளி. இரண்டு பேருக்கும் வரப்புத் தகராறு. பங்காளிதான் பிடித்துத் தள்ளினான் என்று சர்க்கார் வழக்குப் போட்டது.

"மாடி நிறைய ஜனம். பார்த்த சாட்சி ஒண்ணுகூட இல்ல. ஏன் சொல்லு, சிஸ்டரம்மா?"

"ஏன் மாமா?"

"அம்பாரி யானை அப்பத்தான் தெரு திரும்புச்சு. அத்தனை பேர் கண்ணும் அது மேல. பக்கத்துல நிக்கிறவன் விழறதை எவன் பார்ப்பான்?"

கேட்டுக்கொண்டிருந்த எங்கள் எல்லோருக்கும் சிலிர்த்துப் போயிற்று. அதோடு விடுவாரா? என்னைத் துவைகல்மேல் ஏற்றி நிறுத்தினார், நான் செத்துப்போனவன். அவர் மனைவி பங்காளி. அன்றைக்கு சர்க்கார் வக்கீல் பேசியதை அப்படியே பேசிக் காட்டினார். அந்தப் பங்காளியைக் கையில் கொடுத்தால் கடித்துத் தின்றுவிடுவோம், அந்த அளவுக்கு ஆத்திரம் எங்களுக்கு. மறுநாள் எதிர்த்தரப்பைச் சொன்னார். கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரந்தானாம், செத்தவன் குள்ளமாம், யானையைப் பார்க்க எம்பியிருக்கலாமாம். ஐயோ பாவம் அந்தப் பங்காளி என்று நாங்கள் உச்சுக்கொட்டினோம். சரி, தீர்ப்பு என்ன? அதைச் சொல்ல மாட்டார்.

"நீங்கதான் ஜட்ஜ். நீங்க சொல்லுங்க."

"ஏங்க, நான் தள்ளினேனா இல்லையா? சொல்லிட்டா நான் போய் உலை வைப்பேன்" என்றார் அவர் மனைவி.

சொல்லவில்லை. நாங்கள் ஒவ்வொருவரும் எங்கள் முடிவைக் காரணத்தோடு சொல்ல வேண்டும். சொன்னால் குறுக்கு விசாரணை வேறு. கடைசியில் அந்தப் பங்காளியை விட்டுவிட்டார்கள் என்பதைப் பால்காரி சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். ஏன் விட்டார்கள் என்று கேட்டபோது மட்டும் குஷியாக விளக்கினார். "அவன் செஞ்சான்னு சர்க்கார் நிரூபிக்கணும். செய்யலைன்னு அவன் நிரூபிக்க வேண்டியதில்ல. சந்தேகம் மிச்சம் இருந்தா அது கூண்டுல நிக்கிறவன் பக்கம்." போலீஸிடம் ஒத்துக்கொண்டது கோர்ட்டில் ஏன் செல்லாது என்று ஒருத்தி கேட்டாள். "தடியைப் பார்த்தா அந்த அம்பாரி யானையைத் திருடினதே நான்தான்னு ஒத்துக்குவேன். அதுக்குத்தான்" என்றார். இதெல்லாம் எனக்கு அவரால்தான் தெரியும். நன்றி வேண்டும்தான். ஆனால் கோர்ட்டில் இருக்க வேண்டியதை மனிதன் வீட்டுக்கும் கொண்டுவந்தால் என்ன செய்வது?

பால்காரி தண்ணீர் கலக்கிறாள் என்று நான் கத்தினால், "மாடு பச்சைப்புல் தின்னிருக்கலாமே" என்பார். அவர் மனைவி தலைவலி என்று படுத்தால், நிஜத் தலைவலிக்கும் மற்றதற்கும் உள்ள அடையாளங்களைப் பிரித்துப் பிரித்துச் சொல்லுவார். ஹாசனிலிருந்து எனக்கு ஒரு வரன் வந்தது. நல்ல வேதக்காரக் குடும்பம், எங்களைப் போலவே கிறிஸ்தவர்கள், பையன் பள்ளிக்கூட வாத்தியார். அக்கம்பக்கத்தில் பெண்ணைப் பற்றி விசாரித்தார்கள். எதிர்வாசல்தானே அக்கம்பக்கம்? "தங்கமான பொண்ணு" என்றாராம். அங்கே வாயை மூடியிருக்கலாம். "ஆனா நீங்க கேக்கறதால சொல்றேன், கோபம் வந்தா பாத்திரம் பறக்கும்" என்று சேர்த்துவிட்டார். அவர்கள் காபியைக்கூட முடிக்காமல் எழுந்து போனார்கள். நான் போய்க் கேட்டதற்கு, "நல்லதையுந்தானே சொன்னேன் சிஸ்டரம்மா" என்றார். அன்றைக்குப் பாத்திரம் பறந்தது உண்மைதான்.

இப்படிப்பட்டவரிடம் ஒரு உயிர் போய் மாட்டிக்கொண்டது.

மாதம்மா கொள்ளேகால் தாண்டி ராமாபுரத்துப் பக்கத்துக்காரி. அப்போது அது கோயம்புத்தூர் ஜில்லா, வெள்ளைக்காரன் சீமை. அவளும் புருஷனும் கைக்குழந்தையை ஊரில் மாமியாரிடம் விட்டுவிட்டு மைசூருக்கு வந்து, பட்டுக்கூட்டை வெந்நீரில் போட்டு நூல் இழுக்கிற ஒரு கொட்டகையில் வேலை பார்த்தார்கள். ஒரு நாள் அவள் கொண்டுபோன களியைத் தின்ற புருஷன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவந்தார்கள். நான்தான் அந்த வார்டில் இருந்தேன். வாந்தியும் இழுப்புமாக மறுநாள் அவன் செத்துப்போகிற வரைக்கும் அவள் கட்டிலைவிட்டு நகரவில்லை. அவன் வாந்தி எடுக்க எடுக்க இரண்டு கையாலும் ஏந்தினாள். அழவில்லை. அழுவதற்கு அவளுக்கு நேரம் இல்லை, நான் பார்த்தேனே.

வயிற்றில் பாஷாணம் இருந்தது என்று டாக்டர் எழுதினார். அந்தக் கொட்டகையிலேயே வேலை செய்த இன்னொருத்தியை அவன் கட்டிக்கொள்ளப் பார்த்தான், அதற்காகப் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் முதல் நாள் சண்டை நடந்தது என்று சாட்சிகள் சொன்னார்கள். களி கொண்டுபோனவள் இவள். இவள் அதைத் தின்னவில்லை. பொழுதோடு வீட்டிலேயே தின்றுவிட்டேன் என்றாள், அதற்குச் சாட்சி இல்லை. செத்த புருஷன் பக்கத்தில் அழாமல் உட்கார்ந்திருந்தாள். போதாதா? பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்தக் காலத்தில் கொலை வழக்கு என்றால் ஊரில் நாலு பேருக்குத் தெரிந்த மனிதர்களை ஜட்ஜ் பக்கத்தில் உட்கார வைப்பார்கள். அசெசர் என்று பெயர். விசாரணை முழுக்கக் கேட்டுவிட்டுக் கடைசியில் குற்றவாளியா இல்லையா என்று ஆளுக்கொரு கருத்துச் சொல்ல வேண்டும். ஜட்ஜ் அதைக் கேட்டே ஆக வேண்டும், அதன்படி நடந்தே ஆக வேண்டும் என்பதில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்த காலமெல்லாம் குடைக்காரர் அந்த அசெசர்களைத்தான் திட்டுவார். "பாதி நேரம் தூங்கறான், கேட்டா குற்றவாளிங்கறான்" என்பார். மாதம்மா வழக்குக்கு அசெசராக வரச்சொல்லி அவருக்கே உத்தரவு வந்தது. ஜரிகைப் பேட்டா, அதாவது மைசூர்த் தலைப்பாகை, வெயிலுக்கு வந்தது. கோட்டு இஸ்திரிக்குப் போயிற்று. நடையே மாறிவிட்டது.

எனக்கு நம்பிக்கை வந்தது, அதை ஒளிப்பானேன். நம் ஆள் ஒருவர் உள்ளே இருக்கிறார் என்று நினைத்தேன். அவர் குழாயடிக்கு வந்தபோது, "மாமா, அந்தப் பொண்ணு அப்படிப்பட்டவ இல்ல, வார்டுல நான் கண்ணால..." என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்ததுதான் தாமதம், வாளியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டார்.

"சொல்லாதே! நான் அசெசர்! கோர்ட்டுக்கு வெளியில ஒரு வார்த்தை என் காதுல விழக் கூடாது!"

"ஒரு உயிர் மாமா!"

"கேக்கல! எனக்குக் கேக்கல!"

காதில் விரலோடு வீட்டுக்குள் போய்க் கதவை முழங்கையால் தள்ளிச் சாத்தினார். வாளி உருண்டுகொண்டு கிடந்தது. அந்த வழக்கு முடிகிற வரைக்கும் வட்டாராவில் கதை கிடையாது. வாய் ஓயாத மனிதர் வாயைத் தைத்துக்கொண்டு போனார், வந்தார். நாங்கள் தெரிந்துகொள்ளத் துடித்த ஒரே வழக்கு அதுதான்.

கருத்துச் சொல்கிற நாளன்று ஆஸ்பத்திரியில் லீவு சொல்லிவிட்டுக் கோர்ட்டுக்குப் போனேன். கூண்டில் மாதம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நடப்பது கன்னடத்தில், அவளுக்கு எதுவும் புரியவில்லை. ஜட்ஜ் முதல் அசெசரைக் கேட்டார். அவர் ஜவுளிக்கடைக்காரர், "குற்றவாளி" என்று சொல்லி உட்கார்ந்தார். இரண்டாமவர் ஓய்வுபெற்ற வாத்தியார். "குற்றமில்லை" என்றார், அவரும் உட்கார்ந்தார். மூன்றாவது இவர். எழுந்து பேட்டாவைச் சரிசெய்துகொண்டார். இவர் 'இல்லை' என்று ஒரு சொல் சொன்னால் அசெசர்களில் பெரும்பான்மை அவள் பக்கம். ஜட்ஜ் கொஞ்சம் யோசிப்பார். நான் கர்த்தரை வேண்டிக்கொண்டேன்.

"சுவாமி, இதுல ரெண்டு பக்கமும் பார்க்கணும்" என்றார்.

"உங்கள் கருத்து என்ன? செய்தாளா, இல்லையா?" என்றார் ஜட்ஜ்.

"அதைத்தான் சொல்ல வரேன்."

முதலில் சர்க்கார் தரப்பைச் சொன்னார். சர்க்கார் வக்கீலைவிட நன்றாகவே சொன்னார். சண்டை, இன்னொருத்தி, களி, அழாதது எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். வக்கீலே தலையாட்டினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். பிறகு மூச்சுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார்.

"அழலைங்கறாங்க. எங்கம்மா செத்தப்ப நானும் அழல. அது ஒரு பக்கம். கூடு அவிக்கிற கொட்டகைல வெந்த புழு மலையாக் கிடக்கும், அந்த வாசனைக்கு எலி வராம இருக்குமா? எலி வந்தா எலிப்பாஷாணம் வைக்காம இருப்பாங்களா? வெச்சா எங்க வெச்சாங்க? சோத்துப் பாத்திரம் பக்கத்துலயா? இதை சர்க்கார் வக்கீலும் கேக்கல, அந்தப் பொண்ணு வக்கீலும் கேக்கல. கேட்டிருந்தா என்ன பதில் வந்திருக்கும்னு எனக்குத் தெரியாது, சுவாமி."

ஜட்ஜ் மேஜையைத் தட்டினார். "ஒரே வார்த்தை!"

"ஒரு வார்த்தைக்குள்ள இது அடங்கல, சுவாமி. என்ன செய்ய?"

ஜட்ஜுக்கு முகம் சிவந்தது. குடைக்காரர் சொன்ன அத்தனையையும் வரி விடாமல் எழுதி, கடைசியில், மூன்றாவது அசெசர் முடிவான கருத்து எதுவும் சொல்லவில்லை என்று முடித்தார். அடுத்த வாரம் மாதம்மாவுக்குத் தூக்கு என்று தீர்ப்பு. யாரோ அதை அவளுக்குத் தமிழில் சொன்னார்கள். "புள்ள?" என்று மட்டும் கேட்டாளாம்.

நான் கடைக்கே போனேன். தொங்குகிற குடை ஒன்றை எடுத்து அவர் மண்டையில் போடலாம் என்றுதான் போனேன். "கொன்னுட்டீங்க மாமா. ஒரு சொல்லு! ஒரே ஒரு சொல்லுக்கு உங்க நாக்கு வளையலையே!" என்று தெருவே வேடிக்கை பார்க்கக் கத்தினேன். அவர் குடைக்கம்பியைத் துடைத்துக்கொண்டே, "பாதி நம்பினேன், பாதி நம்பல. அதைத்தானே சொல்ல முடியும்?" என்றார். அதன்பிறகு அவரோடு பேச்சை நிறுத்தினேன். அந்த மழைக்காலம் முழுக்க, எதிர்வாசலில் குடைக்கடைக்காரரை வைத்துக்கொண்டு, நனைந்தபடி டியூட்டிக்குப் போனேன். அவரிடம் ஒரு குடை வாங்குவதற்குக் காய்ச்சலே மேல் என்று இருந்தது. காய்ச்சலும் வந்தது.

தூக்குத் தண்டனை என்றால் பெங்களூர் மேல்கோர்ட் அதைப் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் நிறைவேற்றலாம். அதற்காக வழக்குக் கட்டு முழுக்க அங்கே போயிற்று. மேல்கோர்ட் ஜட்ஜுகள் எல்லாவற்றையும் படித்து, மூன்றாவது அசெசர் பேச்சில் வந்து நின்றார்களாம். எலிப்பாஷாணம் பற்றி ஏன் விசாரிக்கவில்லை என்று கேட்டார்களாம். கொட்டகைக்காரரைத் திரும்பக் கூப்பிட்டு விசாரித்தபோது, எலி உண்டு, பாஷாணமும் உண்டு, அடுப்புப் பக்கம் பலகையில் வைப்போம் என்று வாயைவிட்டார். சந்தேகத்தின் பலனை மாதம்மாவுக்குக் கொடுத்து விட்டுவிட்டார்கள்.

அவர் 'இல்லை' என்று ஒரு சொல்லோடு உட்கார்ந்திருந்தால் அந்த எலி யார் கண்ணிலும் பட்டிருக்காது. இதை வட்டாரா முழுக்க வந்து வந்து என்னிடம் சொன்னது. எனக்கே தெரியாதா? சந்தோஷப்பட்டேன், அழுதேன். எதிர்வாசலில் பேட்டாவைக் கட்டிக்கொண்டு அவர் நடந்த நடையைப் பார்த்து எரிச்சலும் பட்டேன். வேறு வழியில்லாமல் பேச்சைத் தொடங்கினேன். "பார்த்தியா சிஸ்டரம்மா, ரெண்டு பக்கம்!" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு, "பார்த்தேன் மாமா" என்றேன்.

விடுதலையான மறுநாள் மாதம்மா எங்கள் முற்றத்துக்கு வந்தாள். ஜெயிலுக்கு நான் போய்ப் பார்த்துக்கொண்டிருந்ததால் என்னைத் தேடித்தான் வந்தாள். கையில் ஒரு மூட்டை. பாதி எடை போயிருந்தது. குடைக்காரர் வாசலில் இருந்தார். இவர்தான் அவர் என்று நான் காட்டியதும் மூட்டையை இறக்கிவைத்துவிட்டுக் கும்பிட்டாள்.

"ஏனுங்க சாமி, எலின்னு சொன்னது நீங்கதானுங்களா?"

"நான்தான் தாயி" என்று ஆரம்பித்தார். மேல்கோர்ட் எப்படி யோசித்தது, சந்தேகத்தின் பலன் என்றால் என்ன, குற்றமற்றவள் என்பதும் குற்றம் நிரூபிக்கப்படாதவள் என்பதும் எப்படி வேறு வேறு என்று அவளிடமே விளக்கினார். ஜெயிலிலிருந்து வந்தவளுக்கு ஒரு வாய் காபி கொடுக்க வேண்டாமா? விளக்குகிறார்! அவள் தலையைச் சாய்த்து எல்லாவற்றையும் கேட்டாள். முடிந்ததும் மெதுவாகப் பேசினாள்.

"அன்னைக்குக் களிக்கு ஊத்தின சாத்துல உப்புப் பத்தலைன்னு அவரு சொன்னாருங்க. கொட்டகை அடுப்புக்கு மேல இருந்த பலகையில டப்பா இருந்துச்சு. கைய விட்டு ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டேனுங்க. உப்புன்னுதான் போட்டேன். ஆரும் கேக்கல, எனக்கும் நெனப்பில்ல. எலின்னு நீங்க சொன்னதா ஜெயில்ல வந்து சொன்னாங்களே, அப்பறந்தானுங்க நெனப்பு வந்துச்சு. அதுக்கப்பறம் எனக்குத் தூக்கமே இல்லீங்க. அது உப்புத்தானுங்களா?"

குடைக்காரர் அவள் கையைப் பார்த்தார்.

"ஊருக்குப் போறனுங்க. புள்ள இருக்குது. இந்தக் கையால அதுக்குச் சோறு ஊட்டலாமுங்களா? நீங்க ரெண்டு பக்கமும் பாத்தவரு. நீங்க சொல்லோணும்."

"ஊட்டலாம்டி! நீ ஒண்ணும் செய்யல!" என்று நான் குறுக்கே பாய்ந்தேன். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீங்க மொதல்லருந்தே அப்பிடித்தானுங்க சொல்றீங்க, சிஸ்டரு" என்றாள். கண் அவர் முகத்திலேயே இருந்தது.

அவர் வாயைத் திறந்தார். எனக்கு உயிர் போயிற்று. அந்த மனிதரை எனக்குத் தெரியாதா? உப்பு என்பதற்கும் காரணம் இருக்கு, பாஷாணம் என்பதற்கும் இருக்கு என்று தொடங்கினால், அந்த நிமிஷமே அவர் வாயைப் பொத்துவது என்று ஓரடி முன்னால் வைத்தேன்.

"உப்புதான் தாயி" என்றார்.

"நெசமாவாங்க?"

"உப்புதான். அந்தப் பலகையில உப்பு டப்பா முன்னாடி இருக்கும். பாஷாணம் பின்னாடி, மூடி போட்டு, துணியால கட்டி. நீ முன்னாடி இருந்ததைத்தானே எடுத்தே?"

"ஆமாங்க. முன்னாடி இருந்ததுதானுங்க."

"மூடி பிரிச்சியா?"

"இல்லீங்க. மூடி இல்லீங்க."

"அப்ப உப்பு. வேற பேச்சே இல்ல. போய்ப் புள்ளைக்குச் சோறு ஊட்டு."

அவள் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். தன் வலது கையை ஒரு தரம் பார்த்தாள், அதே கையால் மூட்டையை எடுத்துக்கொண்டாள். காபி குடித்துவிட்டுப் போ என்று நான் சொன்னதுகூடக் காதில் விழவில்லை, அவ்வளவு வேகமாகப் போனாள். பொழுது இருட்டுவதற்குள் கொள்ளேகால் வண்டியைப் பிடிக்க வேண்டுமாம்.

அவள் தெரு திரும்புகிற வரைக்கும் அவர் பார்த்துக்கொண்டே நின்றார். நான் பக்கத்தில் போனேன்.

"அந்தக் கொட்டகைக்கு நீங்க எப்போ மாமா போனீங்க?"

வேட்டி நுனியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைக்கத் துடைக்க வழிந்தது.

"எந்தத் தெருவுல இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது, சிஸ்டரம்மா."